லயத்தில் இருந்தபடி இலத்திரன் பிடிப்பது எப்படி

ஒழுங்கற்ற பொருளுக்குள் இலத்திரன் என்ன செய்கிறது என்று கணக்குப் பார்ப்பது ஒரு தொழில். அதற்குச் சம்பளம் கொடுக்கும் இடங்கள் உலகத்தில் உண்டு. நோபல் பரிசும் கொடுத்திருக்கிறார்கள். அரநாயக்கவில், தேயிலைக்கும் றப்பருக்கும் நடுவே, பத்தலேகல மலையைப் பார்த்துக்கொண்டு அந்தத் தொழிலைச் செய்ய நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக இந்த வழிகாட்டி. வேண்டியவை மூன்று: கடதாசி, பென்சில், யாரும் கூப்பிடாத ஒரு மூலை. முதல் இரண்டும் கடையில் கிடைக்கும். மூன்றாவது லயத்தில் கிடைக்காது. நள்ளிரவுக்குப் பிறகு முயன்று பாருங்கள்.

வீட்டுக்குச் சொல்வதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மற்ற எல்லாமே அதைவிடச் சுலபம்.

"என்னா படிக்கப் போற?" என்று அம்மாயி கேட்பார்.

"இலத்திரன் பத்தி, அம்மாயி."

"கரண்டு வேலையா?"

"அப்படித்தான்."

"அப்ப நம்ம காம்பராவுக்குத் தனி மீட்டர் ஒன்னு போட்டுக் குடுத்துட்டுப் போ."

இந்த இடத்தில் பேச்சை நிறுத்திக்கொள்வது நல்லது. கோட்பாட்டுப் பௌதிகவியல் படித்தவருக்கு ஃபியூஸ் மாற்றத் தெரியாது என்ற உண்மை தானாக வெளிவரட்டும். அதற்கு நாலைந்து வருடம் பிடிக்கும், அதற்குள் பட்டம் கைக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுக்க வேண்டும். தமிழில் அந்தப் பிரிவு உள்ள பாடசாலைகள் சப்ரகமுவவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால், எந்தப் பாடசாலை என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளும் சிரமம் உங்களுக்கு இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு பஸ் இருக்கிறது. மற்றதெல்லாம் உங்கள் பாடு.

பொருளைத் தெரிவு செய்தல்

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் புரட்டினால் சிலிக்கனில் பொசுபரசு, செப்பில் நிக்கல் என்று இருக்கும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே, அருக்கம்மனவில், போகல காரீயச் சுரங்கம் இருக்கிறது. சிங்களத்தில் மினிரன் என்பார்கள். 1847 இலிருந்து தோண்டுகிறார்கள். 1971 இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, பிறகு திரும்பவும் கம்பனி கைக்குப் போனது. பாறை வெடிப்புகளுக்குள் நரம்பு நரம்பாக ஓடும் இந்த வகைக் காரீயத்தை வணிக அளவில் எடுப்பது இலங்கையில் மட்டும்தான். முதலாம் உலகப் போரின்போது உலோகம் உருக்கும் மூசைகளுக்காக உலகமே இதைக் கேட்டு வந்தது.

ஒரே ஒரு குறை: மிகச் சுத்தம். நல்ல நரம்பில் 99 வீதத்துக்கு மேலும் காபன் இருக்கும். அறுகோணம் அறுகோணமாக, தாள் மேல் தாளாக, அணுக்கள் அத்தனை ஒழுங்கு. ஒழுங்கின்மையைப் படிக்க வந்தவருக்கு இதைவிட ஏமாற்றம் வேண்டுமா?

தவிரவும், காரீயத்தை நமக்கு முன்னாலேயே ஒருவர் கவனித்துவிட்டார். திருவில்லிபுத்தூர்ப் பக்கத்து வத்திராயிருப்பில் 1898 இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், 1928 இல் ராமனோடு நின்று ஒளிச்சிதறலைக் கண்டவர். பிறகு கல்கத்தாவில் கங்குலியுடன் சேர்ந்து காரீயப் பளிங்கில் மின்னோட்டம் எப்படிப் போகிறது என்று அளந்தார். தாளின் நெடுக ஓடும் இலத்திரனுக்குப் பாதை திறந்து கிடக்கிறது. ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குத் தாவ நினைத்தால் தடை ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு. இது 1939.

ஆனால் நம் துறைக்கு அவர் பெரியப்பா ஆவது 1945 இல்தான். அந்த வருடம் அவரும் பாட்டியாவும் உருகிய உலோகத்தின் மின்தடையை எடுத்துக்கொண்டார்கள். உருகிய உலோகத்தில் அணுக்களுக்கு வரிசை கிடையாது. ஆனாலும் ஓர் அணுவிலிருந்து அடுத்தது எவ்வளவு தூரத்தில் இருக்கக்கூடும் என்பதற்கு ஒரு போக்கு உண்டு. எக்ஸ்-கதிர்ச் சிதறல் அந்தப் போக்கை அளந்து காட்டும். அதே அளவை எடுத்து இலத்திரன் எப்படிச் சிதறும் என்று கணக்குப் போடலாம் என்றார்கள். 1961 இல் சைமன் இதே வழியில் விரிவாக எழுத, கோட்பாட்டுக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. நீங்கள் கட்டுரை எழுதும்போது இரண்டு பேரையும் குறிப்பிடுங்கள். மேற்பார்வையாளர் "யார் இந்தக் கிருஷ்ணன்" என்று கேட்டால், டில்லியில் தேசியப் பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநர் என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

ஆக, மிஞ்சுவது றப்பர். கேகாலையில் அதற்கா பஞ்சம்? சுத்தமான றப்பர் ஒரு காவலி, மின்னைக் கடத்தாது. அதில் காபன் கரித்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொண்டே போனால் நெடுநேரம் ஒன்றும் நடக்காது. ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் திடீரென்று கடத்தும். லொறி டயர் கறுப்பாக இருப்பதற்கும், வண்டியில் சேரும் நிலைமின் தரைக்கு இறங்குவதற்கும் இந்தத் தூள் காரணம். கரித்துணிக்கைகள் றப்பருக்குள் எங்கெங்கே போய் உட்காரும் என்று தயாரித்தவருக்கும் தெரியாது, கடவுளுக்கும் அக்கறை இல்லை. ஒழுங்கின்மை என்றால் இதுதான். எடுத்துக்கொள்ளுங்கள்.

லயத்தை மாதிரியாக்குதல்

பொருள் கைக்கு வந்ததும் அதை மறந்துவிட வேண்டும். கோட்பாட்டாளரின் முதல் தகுதி இது. றப்பர், காரீயம், கரித்தூள் எல்லாவற்றையும் துடைத்தெறிந்துவிட்டுச் சாலகம் ஒன்றை வரையுங்கள். வரையத் தெரியாவிட்டால் வாசலுக்கு வந்து லயத்தைப் பாருங்கள்.

வெள்ளைக்காரத் துரைமார் நமக்குக் கட்டிக்கொடுத்த லயம், பளிங்குச் சாலகத்துக்கு அச்சு அசல் உதாரணம். ஒரே அளவுக் காம்பரா, ஒரே கதவு, ஒரே தகரம், ஒரே தூரம். பத்தாவது காம்பராவிலிருந்து பார்த்தாலும் இருபதாவதிலிருந்து பார்த்தாலும் உலகம் ஒன்றுதான். இப்படிப்பட்ட வரிசையில் விடப்பட்ட இலத்திரன் எந்தக் காம்பராவிலும் குடியிருக்காது, எல்லாக் காம்பராவிலும் அலையாகப் பரவியிருக்கும், எதிலும் முட்டாமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்று பீலிக்ஸ் புளொக் 1928 இல் காட்டினார். உலோகம் மின்னைக் கடத்துவதற்கு அதுவரை யாரும் சரியாகச் சொல்லாத விளக்கம் அது. மாதிரிக்கு இரண்டே எண்கள் போதும்: ஒரு காம்பராவுக்குள் இருக்க ஆகும் சக்தி ஒன்று, பக்கத்துக் காம்பராவுக்குத் தாவுவதற்கான எளிமை மற்றொன்று.

இனி ஒழுங்கைக் கெடுக்க வேண்டும். அதற்கு உங்கள் உதவி தேவையில்லை, குடியிருப்பவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒருவர் குசினியை நீட்டிக் கட்டியிருப்பார், ஒருவர் தரைக்குச் சீமெந்து போட்டு அரை அடி உயர்த்தியிருப்பார், ஒருவருடைய தகரம் போன வருட மழையில் போயிருக்கும். காம்பராவுக்குக் காம்பரா சக்தி வேறு. இதுதான் சீரற்ற சாலகம். இதற்குள் அலை என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சராசரி என்ற பழைய வைத்தியம்

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி சராசரி. இரண்டு வகை அணுக்கள் கலந்த கலப்புலோகத்தில், ஒவ்வோர் இடத்திலும் "சராசரி அணு" ஒன்று உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டால் சாலகம் பழையபடி ஒழுங்காகிவிடும். புளொக் கணக்கை அப்படியே போடலாம். நோர்தைம் 1931 இல் தொடங்கி வைத்தது இது. பெயர் மாயப் பளிங்கு அண்ணளவு. சராசரியிலிருந்து உண்மை அணுக்கள் விலகுவதால் வரும் தடை, கலவையின் இரண்டு பங்குகளையும் பெருக்கிய அளவுக்கு ஏறும் என்றும் அவரே சொன்னார். செப்பும் பொன்னும் மாதிரிக் குணத்தில் நெருங்கிய உலோகங்களுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. பழிக்க வேண்டாம்.

பொருந்தாத இடம் எது என்று காட்ட மலையகத்தாரைவிடத் தகுதி யாருக்கு இருக்கிறது? 1948 இன் 18ஆம் இலக்கச் சட்டம் நம் தாத்தாமாரின் பிரசாவுரிமையைப் பறித்தது. அதைக் கொண்டுவந்த அரசாங்கத்தின் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க, அவருடைய தகப்பனார் செல்வம் சேர்த்ததும் காரீயச் சுரங்கத்தில்தான் என்பதை, பொருளைத் தெரிவு செய்யும் அத்தியாயத்தில் வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டேன். நாடற்றுப் போனவர்களை என்ன செய்வது என்று 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பற்றிப் பிறகு பார்க்கலாம். 1974 இல் அந்த மிச்சத்தை நேர்பாதியாகப் பிரித்தார்கள்.

அதன் பிறகு எந்த லயமும் சீரற்ற இருகூட்டுக் கலப்புலோகம். நாலாவது காம்பரா இந்தியா, ஐந்தாவது இலங்கை, ஆறாவதில் அண்ணன் இந்தியா தம்பி இலங்கை. மாயப் பளிங்கு முறையில் இதைச் செய்தால், ஒவ்வொரு காம்பராவிலும் 62 வீதம் இந்தியரும் 38 வீதம் இலங்கையருமான ஒரு சராசரி மனிதர் குடியிருக்கிறார். கோப்பு சுத்தமாக இருக்கும், வளைகோடு அழகாக வரும். ஆனால் தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் எவரும் 38 வீதத்தைத் துறையில் வைத்துவிட்டு ஏறவில்லை. இரண்டு வகைக்கும் இடையிலுள்ள சக்தி வித்தியாசம், இலத்திரன் தாவும் எளிமையைவிடப் பெரிதாகிவிட்டால், உண்மையான சக்திப் பட்டை இரண்டாகப் பிளந்துபோகும். சராசரியோ இரண்டுக்கும் நடுவே, ஆளே இல்லாத இடத்தில் ஒரு பட்டையைப் போட்டு வைக்கும்.

இதைத் திருத்த 1967 இல் சோவனும் டெயிலரும் தனித்தனியே ஒரே யோசனைக்கு வந்தார்கள். ஓரியல் அழுத்த அண்ணளவு என்பேன், துறையில் சீ.பீ.ஏ. என்றால்தான் தெரியும். வரிசை முழுக்க ஒரு கற்பனைக் காம்பராவை நிரப்புங்கள். அதன் சக்தி என்ன என்று உங்களுக்கே தெரியாது, பரவாயில்லை. அதில் ஒன்றை மட்டும் இடித்துவிட்டு நிஜமான காம்பரா ஒன்றை வையுங்கள்; அலை அதில் பட்டுச் சிதறும். ஒரு தடவை இந்தியாவை வையுங்கள், ஒரு தடவை இலங்கையை வையுங்கள். இரண்டு சிதறல்களையும் அவற்றின் பங்குப்படி கூட்டினால் பூச்சியம் வரவேண்டும். வரும்வரை கற்பனைக் காம்பராவின் சக்தியை மாற்றிக்கொண்டே இருங்கள். விடை சிக்கலெண்ணாக வரும். அதன் கற்பனைப் பகுதி, அலை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்கிறது.

அழகான முறை இது. செப்பு–நிக்கல் கலப்புலோகத்தில் மாயப் பளிங்கு சறுக்கி விழுந்த இடத்தில் இது நிமிர்ந்து நின்றது. கியோர்கி 1972 இல் இதை நிஜ அணுக்களின் சிதறல் கணக்கோடு இணைத்தார். இன்றைக்கும் கலப்புலோகம் படிப்பவர்கள் தினமும் பாவிக்கிறார்கள். குறை என்னவென்றால், இது ஒரு நேரத்தில் ஒரு காம்பராவைத்தான் பார்க்கும். அடுத்தடுத்து நான்கு கூரை ஒழுகினால் என்ன ஆகும் என்று கேட்டால் முழிக்கும். கல்கத்தாவைச் சேர்ந்த அபிஜித் முகர்ஜி 1973 இல் தந்த பெருக்கிய வெளி முறை, அக்கம்பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வழி காட்டியது. அதைக் கற்க ஒரு மழைக்காலம் முழுக்க வேண்டும். அரநாயக்கவில் மழைக்காலத்துக்குக் குறைவில்லை.

அண்டர்சன் சொன்னதும் ஒருவரும் கேளாததும்

மேலே சொன்ன எல்லா முறைகளுக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்று உண்டு: இலத்திரன் தட்டுத் தடுமாறியாவது போய்ச் சேரும். பெல் ஆய்வுகூடத்தில் இருந்த பிலிப் அண்டர்சன் 1958 இல் அந்த நம்பிக்கையில் கைவைத்தார். அங்கேயே பெஹர் என்பவர் சிலிக்கனுக்குள் பொசுபரசு அணுக்களை வைத்துச் செய்த சோதனைகளில், இலத்திரனின் சுழற்சி போக வேண்டிய வேகத்தில் பரவிப் போகாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. அண்டர்சன் மாதிரியை எடுத்தார், நாம் வாசலில் நின்று பார்த்த அதே மாதிரி. காம்பராக்களின் சக்தியைச் சீட்டுக்குலுக்கிப் போட்டார். குலுக்கலின் அகலம் ஓர் அளவைத் தாண்டினால், ஒரு காம்பராவில் விட்ட அலை எத்தனை காலம் காத்திருந்தாலும் அந்த அக்கம்பக்கத்தை விட்டு வெளியேறாது என்று காட்டினார். மதில் கிடையாது, பூட்டு கிடையாது. வெளியேறப் போன அலை வெவ்வேறு பாதைகளில் சிதறித் திரும்பி வந்து தன்னோடு தானே மோதுகிறது. ஒரு சுற்றை வலமாகச் சுற்றியதும் இடமாகச் சுற்றியதும் ஒரே அவத்தையில் வந்து சேர்வதால், புறப்பட்ட இடத்தில் மட்டும் அலை பலக்கிறது.

அப்போது அதை நம்பியவர்கள் சிலர், அதன் முக்கியத்தைக் கண்டவர்கள் அதைவிடச் சிலர் என்று, 1977 இல் மொட்டுடனும் வான் விளெக்குடனும் பரிசைப் பகிர்ந்த பிறகு அவரே நோபல் உரையில் குறைபட்டுக்கொண்டார். அதே உரையில் இன்னொன்றும் சொன்னார்: எந்த நிஜ அணுவும் சராசரி அணு இல்லை. இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரே ஒரு பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து வருமானம், தோட்டத்துக் கல்வி, தோட்டத்துச் சுகாதாரம் என்று கொழும்பில் அச்சாகும் எந்த அறிக்கையைப் படிக்கும்போதும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

கணக்காகவே பாருங்கள். பத்துக் காம்பராக்களில் ஒன்பதில் அலையின் அளவு 0.001, பத்தாவதில் 1. கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி 0.1. அடடா, எல்லோருக்கும் பத்தில் ஒரு பங்கு இருக்கிறதே என்று தோன்றும். பத்தையும் பெருக்கிப் பத்தாம் மூலம் எடுத்துப் பாருங்கள்: 0.002. லயத்தில் நடந்துபோய் ஏதாவது ஒரு கதவைத் தட்டினால் நீங்கள் காணப்போவது கிட்டத்தட்ட இதைத்தான். அலை ஓரிடத்தில் முடங்கிப்போனதைக் கூட்டுச் சராசரி காட்டவே காட்டாது; பெருக்குச் சராசரி பூச்சியத்தை நோக்கி விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். சீ.பீ.ஏ. முறைக்குள் முதலாவதை எடுத்துவிட்டு இரண்டாவதை வைத்தால் முடக்கம் தெரிய ஆரம்பிக்கும் என்று டொப்ரொசாவ்லியெவிச்சும் கூட்டாளிகளும் 2003 இல்தான் எழுதினார்கள். 1958 இலிருந்து 45 வருடம். தோட்டக் கணக்கை யாரும் இன்னும் அப்படி எழுதவில்லை.

எத்தனை பரிமாணம் என்று கேட்பவருக்கு

ஒரு நல்ல மாணவி இந்த நேரத்தில், "சேர், குலுக்கல் எவ்வளவு சின்னதா இருந்தா அலை தப்பும்?" என்று கேட்பாள். பதிலைத் தந்தவர்களில் ஒருவர் 1941 இல் சென்னையில் பிறந்த டி. வி. ராமகிருஷ்ணன். ஆப்ரகாம்ஸ், அண்டர்சன், லிச்சர்டெல்லோ ஆகியோருடன் அவர் 1979 இல் எழுதிய நாலு பக்கக் கட்டுரையை வைத்து, சீன அரசியல் அப்போது சூடாக இருந்ததால், நால்வர் கும்பல் என்று இவர்களுக்குப் பெயர் விழுந்தது. அவர்கள் கேட்டது: துண்டின் அளவை இரண்டு மடங்காக்கினால் அதன் கடத்துதிறன் எப்படி மாறும்? அந்த மாற்றம் அப்போதைய கடத்துதிறனை மட்டுமே பொறுத்தது என்று கொண்டால் போதும், எல்லாம் விழுந்துவிடுகிறது. முப்பரிமாணத்தில் ஒழுங்கின்மைக்கு ஓர் எல்லை உண்டு: அதற்குக் கீழே ஓடும், மேலே முடங்கும். இரு பரிமாணத்தில் மெல்ல மெல்லவேனும் முடங்கியே தீரும். ஒற்றை வரிசையில் எவ்வளவு சிறிய ஒழுங்கின்மையும் போதும். அதாவது லயம் ஒற்றை வரிசையாக இருக்கும்வரை தப்ப வழியில்லை. (காந்தப்புலம், சுழற்சி, இலத்திரன்கள் தமக்குள் தள்ளிக்கொள்வது என்று விதிவிலக்குகள் உண்டு. அவற்றுக்கு ராமகிருஷ்ணன் பட்றிக் லீயுடன் 1985 இல் எழுதிய நீண்ட மீள்நோக்கைப் பாருங்கள். பெரிசு. பயப்பட வேண்டாம்.)

அந்த எல்லை எங்கே என்று எண்ணாகச் சொல்லக் கணினி வேண்டும். 20க்கு 20க்கு 20 என்று கனசதுரம் எடுத்தால் 8,000 இடம், தாயத்துக்கு 6.4 கோடி எண்கள், அரை கிகாபைட். உங்கள் மடிக்கணினி சமாளிக்கும். பக்கத்தை இரட்டிப்பாக்கினால் 64,000 இடம், 32 கிகாபைட்டுக்கு மேல். சமாளிக்காது. மக்கின்னனும் கிராமரும் 1981 இல் சொன்ன வழி சிக்கனமானது: நீண்ட சட்டம் ஒன்றை எடுத்துத் துண்டு துண்டாக முன்னே போங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இடமாற்றுத் தாயத்தைப் பெருக்கிக்கொண்டே. எண்கள் பூதாகாரமாகப் பெருகும். சில அடிக்கொரு தரம் அவற்றைச் செங்குத்தாக்கித் திருத்த மறந்தால் விடை குப்பை. சட்டத்தின் பருமனை ஏற்றும்போது, முடக்க நீளத்துக்கும் பருமனுக்கும் உள்ள விகிதம் இறங்கினால் அலை முடங்குகிறது, ஏறினால் தப்புகிறது. ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் இடத்தில் குலுக்கலின் அகலம் தாவல் எண்ணைப் போல 16.5 மடங்கு. இந்த எண்ணை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நேர்முகத்தில் கேட்பார்கள். ஒவ்வொரு ஆயிரம் துண்டுக்கும் கோப்பைச் சேமியுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்தவர்கள் மட்டும் சேமிக்காமல் ஓட்டலாம்.

முடங்கினாலும் குளிர்ந்த பொருளில் கொஞ்சம் மின் கசிகிறதே, எப்படி? மொட் விளக்கினார். முடங்கிய இலத்திரன் பக்கத்துக் காம்பராவைக் கேட்காது, அங்கே சக்தி பொருந்தாது. நாலு கதவு தள்ளித் தன் சக்திக்குக் கிட்டிய காம்பராவுக்கு, வெப்பத்தின் தயவில் ஒரு தாவு தாவும். குளிர் கூடக் கூடத் தாவல் தூரமும் கூடும். அதனால் கடத்துதிறன் வெப்பநிலையின் கால் அடுக்கோடு ஒரு விசித்திரமான வளைகோட்டில் இறங்கும். அளவீட்டை அந்த அடுக்குக்கேற்ற வரைபுக் கடதாசியில் போட்டால் நேர்கோடு வரும். எச்சரிக்கை: சிறிய வெப்பநிலை வீச்சுக்குள் எதைப் போட்டாலும் நேர்கோடு வரும். எஃப்ரோசும் ஷ்க்லோவ்ஸ்கியும் 1975 இல் சொன்ன அரை அடுக்கும் அதே புள்ளிகளில் பொருந்தும். எது வேண்டுமோ அதை மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு வரையுங்கள்.

நம் டயர்க் கலவைக்கு இந்த அலைக்கணக்கெல்லாம் அவ்வளவு தேவைப்படாது. கரித்துணிக்கைகள் ஒன்றையொன்று தொட்டு ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சங்கிலி கோக்கின்றனவா என்பதுதான் அங்கே பெரிய விஷயம். பிராட்பென்ட்டும் ஹாமர்ஸ்லியும் 1957 இல் தொடங்கிய ஊடுபரவல் கோட்பாடு அதைச் சொல்லும்: கனசதுரச் சாலகத்தில் 31 வீத இடங்கள் நிரம்பும்வரை துண்டு துண்டாகக் கிடப்பவை, அதைத் தாண்டியதும் ஒரே வலையாகிவிடும். கரித்துணிக்கைகள் கொத்துக் கொத்தாகச் சேர்வதால் நிஜத்தில் அதைவிடக் குறைவே போதும். வகுப்பில் இதை விளக்குவதற்கு மண்ணுக்குள் நீர் ஊறுவதை உதாரணம் காட்டச் சொல்லிப் புத்தகங்கள் சொல்கின்றன. அரநாயக்கவில் அந்த உதாரணத்தை எடுக்க வேண்டாம். 2016 மே 17 இல் சாமசர மலை இறங்கியதைப் பார்த்தவர்கள் வகுப்பில் இருப்பார்கள்.

கட்டுரை எழுதும் நேரத்தில்

முடிவுகளை எழுதும்போது, இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பதை மாதிரியில் விட்டுவிட்டீர்கள் என்று கடைசிப் பந்தியில் ஒப்புக்கொள்ளுங்கள். "எதிர்கால ஆய்வு" என்ற தலைப்பு அதற்காகவே கண்டுபிடிக்கப்பட்டது. தள்ளுதலையும் குலுக்கலையும் ஒன்றாக வைத்தால் முடக்கம் தாக்குப்பிடிக்குமா என்று 2006 இல் பாஸ்கோவும் அலைனரும் அல்ட்ஷுலரும் எழுதிய நாளிலிருந்து பெரிய பெரிய ஆட்கள் சண்டை பிடிக்கிறார்கள்; அந்தச் சண்டைக்குள் நீங்கள் முதலாம் வருடத்திலேயே போக வேண்டியதில்லை.

கருத்தரங்கில் முன்வரிசையில் உட்காரும் ஒருவர், "உங்கள் மாதிரியில் இருப்பது காரீயமா, றப்பரா?" என்று கேட்பார். இரண்டும் இல்லை என்று சொல்லக் கூடாது. "இரண்டுக்கும் பொதுவானது" என்று சொல்லுங்கள். ஓமாகமவில் நம் காரீயத்திலிருந்து கிராபீன் செய்கிறார்கள், அது இரு பரிமாணம், ஆகவே உங்கள் வேலை அதற்கும் பொருந்தும் என்று ஒரு வரி சேர்த்தால் நிதி கேட்கும் படிவத்திலும் அதை அப்படியே ஒட்டலாம்.

வரைபடத்தில் சராசரியைப் போடாதீர்கள். ஆயிரம் குலுக்கல் செய்திருந்தால் ஆயிரத்தின் பரம்பலைப் போடுங்கள், வால் நீண்டு தாளை விட்டு வெளியே போனாலும் சரி. மதிப்பாய்வாளர் நிச்சயம் எழுதுவார்: பரம்பல் சுவாரசியமானது, ஆனால் வாசகர் வசதிக்காகச் சராசரி மதிப்பைத் தரவும். கொடுத்துவிடுங்கள், பின்னிணைப்பில், சிறிய எழுத்தில். அவர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.